முகில் ஏறும் முன்னே: திருகோணமலையில் இருந்து ஹோட்டன் சமவெளிக்கு

ஞாயிறு, திருகோணமலை

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறோம் என்றால் ஊரில் வருகிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் நடக்க வேணும்?" என்பதுதான். வளையப் பாதை முழுவதும் சேர்த்து 9 முதல் 9.5 கிலோமீற்றர். உப்புவெளியில் இருந்து நகரத்துக்கு நடந்து போய்த் திரும்புகிற அளவு. அந்தத் தூரத்தில் களைத்துப் பாதியில் விட்டவர்கள் குறைவு. நேரம் பிந்திப்போய், உலக முடிவு என்ற பாறை விளிம்பில் நின்று வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது போன்ற முகிலை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

காரணம் எளிது. சமவெளியின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தாக இறங்குகிறது. கீழே பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம் வெயிலில் சூடேறத் தொடங்கியதும், ஈரக்காற்று அந்தச் சரிவைப் பிடித்து மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் முகிலாகும். அந்த முகில் முதலில் வந்து முட்டுகிற இடம் அதே விளிம்பு. நல்ல நாளிலும் 9 அல்லது 10 மணிக்குப் பிறகு முகில் காட்சியை மூடிவிடும். மத்தியானம் சில நிமிடம் விலகும், அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

ஆகவே திட்டத்தைப் பின்னால் இருந்து போட வேண்டும். காலை 8.30 மணிக்கு உலக முடிவில் நிற்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர், படம் எடுப்பது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அப்படியானால் 7 மணிக்கு நடை தொடங்க வேண்டும். ரிக்கெட், பை சோதனை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் 45 நிமிடம். நுழைவாயில் 6 மணிக்குத் திறக்கும். அந்த நேரம் வரிசையில் நின்றால்தான் இந்தக் கணக்கு சரிவரும். நுவரெலியாவில் இருந்து நடை தொடங்கும் ஃபார் இன் பார்வையாளர் நிலையம் வரை 32 கிலோமீற்றர், அம்பேவெல, பட்டிப்பொல வழியாக இருட்டில் வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். விடுதியை விட்டு 4.45க்குக் கிளம்ப வேண்டும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: திருகோணமலையில் இருந்து இரவோடு இரவாக வான் பிடித்து ஒரே நாளில் போய் வரும் யோசனையை விட்டுவிடுங்கள். சாரதி தூங்காமல் மலைப் பாதையில் ஏற வேண்டியிருக்கும். போதாததற்கு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவே இரவில் வீதியில் யானை நிற்கும். போகும் வழியில் ஒரு நாள், நடை ஒரு நாள், திரும்பும் வழியில் ஒரு நாள். அதற்குக் குறைத்தால் அது பயணமாக இருக்காது, தண்டனையாக இருக்கும்.

நடை நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய முறை இருக்கிறது. ஸ்கொட்லாந்து மலையேறி நெயிஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்தப் பாதைக்கு அது இரண்டேகால் மணி நேரம் அளவில் வரும். அவர் கணக்கு பழகிய கால்களுக்கானது. கல்லும் வேரும் சேறும் உள்ள பாதையில் கடற்கரை ஊர்க்காரர் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: மூன்றரை மணி நேரம். பிள்ளைகள் அல்லது அறுபது தாண்டியவர்கள் கூட வந்தால் நாலரை. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். கெட்டிக்காரரின் வேகத்தில் கணக்குப் போட்டால் 8.30 தவறும்.

அடுத்தது மாதம். இங்கே நம் ஊர்க் காலநிலையை நம்பினால் ஏமாற்றம்தான். ஆனி, ஆடியில் திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும். வெயில் சுள்ளென்று இருக்கும், கடல் அமைதியாகக் கிடக்கும். "நல்ல காலநிலை, மலைக்குப் போவோம்" என்று தோன்றும். அந்தக் காற்று வறண்டு வருவதே மலையின் மேற்குப் பக்கத்தில் தன் மழை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருவதால்தான். கச்சான் இங்கே எவ்வளவு பலமாக அடிக்கிறதோ, அங்கே அவ்வளவு மழையும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பக்கமும் மழை. தை பிற்பகுதியில் இருந்து பங்குனி வரை தான் மலையில் காலை தெளிவாக விடியும் காலம். குளிர் அப்போது கடுமை, அதைத் துணியால் சமாளிக்கலாம். சித்திரையில் நுவரெலியா வசந்தகால விழா. அறை வாடகை ஏறும், நுழைவாயிலில் வாகனம் வரிசை கட்டும். சிவராத்திரியை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள், கோணேசர் கோயிலுக்கு வந்து திரும்பும் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. போயா விடுமுறை, சனி, ஞாயிறு வேண்டாம். வியாழக்கிழமை நல்லது.

முன்னறிவிப்புப் பார்க்கும்போது நுவரெலியாவைப் பாருங்கள், திருகோணமலையை அல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு அறிவிப்பு. மாவட்ட வாரியாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று படிகளில் வரும். நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளை ஆகிய நான்கில் நீங்கள் கடக்கப்போகும் பிரிவுக்கு இரண்டாம் படி வந்தாலே தேதியை மாற்றிவிடுங்கள். காடு அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

திங்கள், திருகோணமலை

இன்று காலும் சப்பாத்தும்.

கால் பழக்கத்தை மூன்று வாரத்துக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். கடல்மட்டத்தில் இருந்துகொண்டு உயரத்துக்குப் பழக முடியாது. ஏறி இறங்கப் பழகலாம். அதற்கு நம்மிடம் கோணேசர் மலை இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏறும் வீதியை விடியற்காலையில் நாலு தடவை ஏறி இறங்குவது, வாரத்தில் மூன்று நாள். முதல் வாரம் வெறும் கையுடன். இரண்டாம் வாரம் பையில் இரண்டு லீற்றர் தண்ணீருடன். மூன்றாம் வாரம் அதே சப்பாத்து, அதே பை, அதே மேசு. ஏறுவதை விட இறங்குவதில் கவனம் வையுங்கள், முழங்கால் நோவது இறக்கத்தில்தான். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களுக்குத் தீனி போடுவதற்கு நிற்பதை நடையாகக் கணக்கெடுக்க வேண்டாம்.

உப்புவெளி மணலில் நடப்பது கணுக்காலைப் பலப்படுத்தும், உண்மை. ஆனால் வெறுங்காலோடு மணலில் நடந்து பழகியவர்கள் முதல் தடவை கனமான சப்பாத்துப் போட்டு 9 கிலோமீற்றர் போனால் குதிக்காலில் கொப்புளம் நிச்சயம். மணல் நடை வாரத்தில் ஒரு நாள் போதும்.

சப்பாத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. அடியில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். தேய்ந்த ஓட்டச் சப்பாத்து ஈரமான களியில் வழுக்கும். விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுக்கும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: அடியின் ஒட்டு. பல சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேன் நுரையால் ஆனது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் மெல்ல மெல்ல உதிர்ந்துபோகும் பொருள். நம் ஊர்ப் புழுக்கத்தில், பெட்டிக்குள் மூன்று நாலு வருடம் போடாமல் வைத்திருந்த "புதுச் சப்பாத்து" வெளியில் பளபளவென்று இருக்கும், நடக்கத் தொடங்கிய இரண்டாவது கிலோமீற்றரில் அடி வாயைத் திறக்கும். இன்றைக்கே இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடு அடியை நகத்தால் அழுத்துங்கள். வெடிப்பு, தூள், பிசுபிசுப்பு ஏதாவது கண்டால் அதை வீட்டில் விடுங்கள். எப்படியும் பைக்குள் இரண்டு மீற்றர் மெல்லிய கயிறு ஒன்று இருக்கட்டும், கழன்ற அடியைச் சுற்றிக் கட்டி ஃபார் இன் வரை வந்துவிடலாம்.

பாட்டாச் செருப்புடன் அந்தப் பாதையைச் சுற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தக் கால் வேறு, நம் கால் வேறு.

மூச்சு பற்றி ஒரு வார்த்தை. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 78 வீதம். நல்ல உடம்புக்கு அது ஆபத்தில்லை. மேட்டில் இரைக்கும், அவ்வளவுதான். முதல் நாள் இரவு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தூங்குவது இதற்கும் உதவும். ஆனால் தொய்வு உள்ளவர்களுக்கு உயரத்தை விடக் குளிர்ந்த காற்றுத்தான் எதிரி. இன்ஹேலர் பைக்குள் போகக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். இருதய நோய், கூடிய இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வர வேண்டாம்.

செவ்வாய், திருகோணமலை

பை கட்டும் நாள். முதலில் துணி.

1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். நம் வீட்டில் விடியற்காலை 24 பாகை என்றால் சமவெளியில் 10. மாசியில் தெளிந்த இரவுகளில் அதற்கும் கீழே போய்ப் புல்லில் உறைபனி படிவதுண்டு. அதே இடத்தில் 10 மணிக்கு வெயில் சுடும். ஒரு கனமான உடுப்பால் இதைச் சமாளிக்க முடியாது. மூன்று மெல்லிய உடுப்பு வேண்டும். உடம்போடு ஒட்டி, பந்து விளையாடும் பிள்ளைகள் போடுகிற பொலியெஸ்டர் ஜேர்சி. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர். அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய றெயின்கோட். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. உலக முடிவின் காற்றில் பத்து நிமிடம் நின்றால் பல் கிட்டும். டெனிம் அதைவிட மோசம், நனைந்தால் ஒவ்வொரு காலிலும் கல்லைக் கட்டியது மாதிரிக் கனக்கும். குடை வேண்டாம், காற்று அதைப் பிடுங்கி விளிம்புக்கு அப்பால் போட்டுவிடும்.

காதை மூடும் தொப்பி ஒன்று, வெயிலுக்கு நாடி வைத்துக் கட்டும் தொப்பி ஒன்று. இரண்டும் வேண்டும். குளிரில் வெயில் சுடுவது தெரியாது, பிற்பகலில் மூக்கு உரியும்போதுதான் தெரியும். மேசு இரண்டு சோடி. ஒரு சாறம்: விரித்து இருக்கலாம், போர்க்கலாம், நனைந்த பிள்ளைக்கு உடுத்திவிடலாம். அதற்கு நிகரான மலைச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

இனிச் சாப்பாடு. இங்கேதான் நுழைவாயிலில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கடதாசிப் பையில் கொட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் தாளையும் உரித்துவிடுவார்கள். இருபது பேர் வந்த குழு ஒவ்வொரு பையாகத் திறந்து நின்றால் உங்கள் 7 மணி 7.40 ஆகும். முதல் நாளே வீட்டில் மாற்றிவிட்டால் சோதனை ஒரு நிமிடத்தில் முடியும். இந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருக்கிறது: வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைகள் மனிதர் போட்டதைத் தின்று பழகியவை, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன.

ஒருவருக்கு இந்த அளவு போதும்: தேங்காய்ப்பூ ரொட்டி மூன்று, கட்டைச் சம்பல் ஒரு தேக்கரண்டி, அவித்த முட்டை இரண்டு, கதலி வாழைப்பழம் இரண்டு, பேரீச்சம்பழம் ஆறு, வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி, எள்ளுருண்டை இரண்டு. ரொட்டியை வாட்டிய வாழையிலையில் சுற்றி மேலே பழைய பத்திரிகைத் தாளால் கட்டுங்கள். இந்த ரொட்டியும் முட்டையும் புதன் காலை திருகோணமலையில் செய்தால் வியாழன் காலைக்குள் புளிக்கும். தங்கும் இடத்தில் முதல் நாள் இரவே சொல்லிவைத்து விடியற்காலையில் வாங்குவதே சரி. ஊரில் இருந்து கொண்டுபோக வேண்டியது கச்சான், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் போன்ற கெடாத பொருட்கள். சோற்றுப் பார்சல் வேண்டாம். குளிரில் விறைத்துப்போகும், கை கழுவ இடமில்லை, சாப்பிட்டபின், பாதையில் வரும் பேக்கர் அருவி மேட்டில் ஏற உடம்பு மறுக்கும்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு லீற்றர், உருக்குப் போத்தலில். நம் ஊர்க்காரர் அங்கே தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். வியர்வை தெரியாது, தாகம் எடுக்காது. தலையிடி வந்தால் முதலில் தண்ணீர் குடியுங்கள், பிறகுதான் மாத்திரை. மூன்று பேருக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் இஞ்சிப் பிளேன்ரீ. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) இரண்டு பைக்கற், அதன் தாளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை. பிளாஸ்ரர், சின்னக் கத்தரிக்கோல், கட்டுப்போடும் துணி. நெற்றியில் கட்டும் டோர்ச் லைட் ஒன்று போதும். தீப்பெட்டி, லைற்றர் வேண்டாம். மாசி, பங்குனியில் காய்ந்த புல் தீக்கு ஒரு பொறி போதும்.

எல்லாம் சேர்ந்து பை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். தாண்டினால் எடுக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது ஜீன்ஸ்தான்.

தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உள்ளூர்க் கட்டணத்துக்கு அதுதான் அத்தாட்சி.

புதன், வீதியில்

திருகோணமலையில் இருந்து கண்டிக்கு கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறக்குறைய 180 கிலோமீற்றர், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் அளவில். விடியற்காலை 5.30க்கு முன் ஏறினால் 11 மணிக்குள் கண்டி. அங்கே நுவரெலியா பஸ்ஸுக்கு மாற வேண்டும். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 77 கிலோமீற்றர். தூரம் குறைவு என்று நினைக்க வேண்டாம், மூன்று மணி நேரம் எடுக்கும். வளைவில் வாந்தி வருகிறவர்கள் கண்டியில் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, கொத்துரொட்டி தின்றும் ஏறக் கூடாது. இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம், முன் இருக்கை.

றெயிலில்தான் போவேன் என்பவர்களுக்கு: திருகோணமலை இரவு றெயிலில் போய் பொல்காவலையில் இறங்கி, மலைநாட்டு றெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். மண்சரிவால் மலைநாட்டுப் பாதை அடிக்கடி மூடப்படுவதால் முதல் நாள் நிலையத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஓடினால் பட்டிப்பொல வரை போகலாம். கடல்மட்டத்தில் இருந்து 1,891 மீற்றர், இலங்கையில் மிக உயரத்தில் உள்ள றெயில் நிலையம் அது. அடுத்த நிலையம் ஒஹிய. அங்கிருந்து சமவெளிக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம்.

நுவரெலியாவில் 3 மணிக்கு இறங்கியதும் முதல் வேலை வாகனம் பேசுவது. சமவெளிக்குப் போக பஸ்ஸை நம்ப வேண்டாம். நாலு பேருக்கு மேல் என்றால் வான். பேசும்போது மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள். கிளம்பும் நேரம் 4.45 என்பதை அவர் ஒத்துக்கொள்கிறாரா, அங்கே காத்திருக்கும் நேரம் எவ்வளவு, வாகனத்துக்கான நுழைவுக் கட்டணம் யாருடையது. "ஐந்தரைக்குப் போனாலும் காணும் அண்ணை" என்று சொல்கிற சாரதியோடு விவாதிக்க வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

அறை எடுக்கும்போது சுடுதண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்து எடுங்கள். ஒருவருக்கு இரண்டு கம்பளி கேளுங்கள். நாளைக்குப் போடுகிற உடுப்போடு தூங்க வேண்டாம். இரவு வியர்வையில் அது ஈரமாகும். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, 9 மணிக்குப் படுக்கை. கடற்கரை ஊரில் இருந்து வந்தவர்களுக்கு முதல் இரவு தூக்கம் சரியாக வராது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

வியாழன், ஹோட்டன் சமவெளி

வாகனத்தை விட்டு இறங்கும்போது குளிர் உறைக்கும். மூன்று உடுப்பையும் போட்டுக்கொண்டு நடக்கத் தோன்றும். ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பத்து நிமிடம் நடுங்கினாலும் பிறகு உடம்பு சூடேறும். ஸ்வெட்டரோடு தொடங்கினால் முதல் மேட்டிலேயே வியர்த்து, உலக முடிவில் அந்த ஈரத்தோடு நிற்க வேண்டி வரும். கழிப்பறை ஃபார் இன்னில்தான். பாதையில் வேறு எதுவும் இல்லை.

கொஞ்ச தூரம் புல்வெளியில் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். பெயர்ப்பலகையைப் பார்த்து உலக முடிவுப் பக்கம் போங்கள். பேக்கர் அருவிப் பக்கம் முதலில் போனாலும் வளையம் முடியும், ஆனால் விளிம்புக்கு வரும்போது முகில் உங்களுக்கு முன்னால் வந்திருக்கும்.

அடுத்த இரண்டு கிலோமீற்றரில் புல்லும் காடும் மாறி மாறி வரும். பாதை மழைநீர் அரித்த வாய்க்கால் மாதிரி நடுவில் பள்ளமாக இருக்கும். உருண்டையான வெள்ளைக் கற்கள் அதில் கிடக்கும். காலை முழுவதும் தட்டையாக வைத்து, சின்ன அடியாக எடுத்து வையுங்கள். சேற்றைத் தவிர்க்கிறேன் என்று ஓரத்துப் புல்லில் ஏற வேண்டாம். எல்லோரும் அப்படி ஏறித்தான் பாதை ஒவ்வொரு வருடமும் அகலமாகிறது. சப்பாத்து நனையத்தான் செய்யும்.

காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் குறையும், வெளிச்சமும் குறையும். இது முகில் காடு. மரங்கள் அதிகம் உயராது. காற்றும் குளிரும் அவற்றைக் குள்ளமாக வைத்திருக்கின்றன. தண்டு முறுகி, உச்சி குடை விரித்தது மாதிரிப் பரந்திருக்கும். அப்படி நிற்பதில் பெரும்பாலானவை சிங்களத்தில் கீன என்று சொல்லும் புன்னை இன மரம். நம் கடற்கரைப் புன்னையின் நெருங்கிய உறவு, ஆனால் இலை சின்னது, தடித்தது. நாவல் இனங்களும் கலந்து நிற்கும். செக்கச்சிவந்த பூங்கொத்தோடு தனியாகப் புல்வெளியில் நிற்பது ரோடோடென்ரன். கிளை எல்லாவற்றிலும் பாசி, நரைத்த தாடி மாதிரித் தொங்கும் மரப்பாசிகள். மழை பெய்யாத நாளிலும் கீழே சொட்டுச் சொட்டாக விழும். முகிலில் இருக்கும் நீரை இலையும் பாசியும் வடித்து இறக்குகின்றன. அந்த வேலையில்தான் இந்தக் காட்டின் முழு மதிப்பும் இருக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இங்கிருந்து கிளம்புகின்றன. மகாவலி கடைசியில் கடலோடு சேர்வது நம் கொட்டியாரக் குடாவில். மூதூர்ப் பக்கத்து வயலில் பாய்கிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பாசியில் இருந்து இறங்கியது. அதைக் கையால் உரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

பாதை ஓரத்தில் மனித உயரத்துக்கு அடர்ந்திருக்கும் செடி நெலு. நீலகிரிக் குறிஞ்சியின் இனம். பல வருடத்துக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, விதை போட்டுச் செத்துப்போகும். சில இனங்களுக்கு அது 12 வருடம் அளவில். செத்த தண்டுகள் காய்ந்து நிற்பதைப் பார்த்துக் காடு நோய்ப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான நோயும் இருக்கிறது: உச்சியில் இருந்து கீழ்நோக்கிக் காயும் மரங்கள், இலையற்ற வெள்ளைக் கிளைகள். 1970களில் இருந்து கவனித்து வரும் பிரச்சினை, காரணம் ஒன்று என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. மஞ்சள் பூப் பூத்த முட்செடியை எல்லோரும் படம் எடுப்பார்கள். அது வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்தது, வேலியைத் தாண்டிப் பரவி இப்போது பிடுங்கிப் பிடுங்கி அலுக்கும் களை.

ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றரில் சிறிய உலக முடிவு. இறக்கம் ஏறக்குறைய 270 மீற்றர். பலர் இங்கேயே அரை மணி நேரம் செலவழித்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் போதும், காலைச் சாப்பாடும் இங்கே வேண்டாம். இங்கிருந்து பெரியதுக்கு இரண்டு கிலோமீற்றர், பெரும்பகுதி காட்டுக்குள், வேர்கள் படி மாதிரிக் குறுக்கே ஓடும். வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கு அப்பால் மிதியுங்கள். பட்டை உரிந்த ஈரவேர் கண்ணாடியை விட மோசம்.

உலக முடிவில் 8.20 என்றால் கெட்டிக்காரர்கள். தெளிந்த காலையில் கீழே நொன்பரெய்ல் தேயிலைத் தோட்டத்தின் லயன் கூரைகள், அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் தெற்குத் தாழ்நிலம். விளிம்புப் பாறை பனியில் ஈரமாக இருக்கும். விளிம்பில் வளரும் புல்லுக்குக் கீழே மண் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மீற்றர் பின்னால் நில்லுங்கள், பிள்ளையின் கையைப் பிடியுங்கள், பின்னோக்கி நடந்து படம் எடுக்க வேண்டாம். இங்கேதான் ஸ்வெட்டர், இங்கேதான் ரொட்டியும் பிளேன்ரீயும். குரங்கு வந்தால் பையை மூடுங்கள்.

முகில் வந்து மூடிவிட்டால் பதற ஒன்றுமில்லை. பாதையில் நிற்கும் வரை வழி தவறாது. குறுக்கே புல்வெளியால் போனால் கெதியாகப் போகலாம் என்று ஒருவர் சொல்வார். முகிலுக்குள் இந்தச் சமவெளியின் ஒவ்வொரு மேடும் அடுத்த மேடு மாதிரித்தான் இருக்கும். கைத்தொலைபேசி சில இடத்தில் எடுக்கும், சில இடத்தில் எடுக்காது. வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்திருங்கள்.

பேக்கர் அருவி இங்கிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல். 20 மீற்றர் உயரந்தான், ஆனால் அகலமாக விழும். கீழே இறங்கும் படிகள் இந்த நடையில் மிகவும் வழுக்குகிற இடம். ஒருவர் பின் ஒருவராக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கடலில் நீந்தப் பழகியவர்களுக்கு அங்கே கை துருதுருக்கும், நீர் ஐஸ், அடியில் பாறை. திரும்பி ஏறுவது தான் இன்று முழுவதிலும் உண்மையான ஏற்றம். நாற்பது அடிக்கு ஒரு தடவை நின்று ஏறினால் யாரும் ஏறலாம்.

கடைசி இரண்டரைக் கிலோமீற்றர் திறந்த புல்வெளி, நிழல் இல்லை. இந்தத் தட்டை நிலத்தில் ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969இல் ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மிச்சத் தண்ணீரைக் குடித்து முடியுங்கள். 11 மணி அளவில் ஃபார் இன்.

கால் இன்னும் பலமாக இருக்கிறது, கிரிகல்பொத்தவுக்கும் போவோமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். 2,388 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான மலை, போகவே ஏழு கிலோமீற்றர் அளவில். அது தனி நாள், தனித் திட்டம். இன்று வேண்டாம்.

வெள்ளி, திரும்பும் வழி

வியாழன் இரவும் நுவரெலியாவிலேயே தங்குவது நல்லது. நடை முடிந்த கையோடு எட்டு ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் காலை மடக்கி இருந்தால், திருகோணமலையில் இறங்கும்போது முழங்கால் நீளாது. கண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கணுக்காலைச் சுற்றுங்கள், நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கி நில்லுங்கள். தொடை நோவு இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், சனிக்கிழமை வீட்டுப் படி இறங்கும்போது தெரியும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

சப்பாத்தைக் கழுவி, உள் அட்டையை வெளியே எடுத்து, பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் கூரைமேல் போட்டால் ஒட்டு விட்டுவிடும். காய்ந்தபின் பெட்டியில் அடைக்காமல் மாதம் ஒரு தடவையாவது போட்டு நடவுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு திருத்தம்: 8.30 என்பதை 9 ஆக்கலாம், அதற்கு மேல் தள்ள முடியாது. பத்து வயதுக்குக் கீழ் என்றால் நாலரை மணி நேரக் கணக்கோடு பையில் இன்னொரு சோடி மேசு, இன்னொரு எள்ளுருண்டை.